பளு தூக்கும் பல்விசிறி வானூர்தி: அமைக்கும் முறையும் பஞ்சாயத்தார் அறிய வேண்டுவனவும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

'டிரோன்' என்று வழங்கும் ஆளில்லா வானூர்தி இன்று நம் கிராமங்களுக்குப் புதிதன்று. நெல் வயலிலும் பருத்திக் காட்டிலும் அது மருந்து தெளிப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதனைக் கண்ட இளைஞர்களுள் சிலர், குறிப்பாகத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்றவர்கள், "இதனை நாமே அமைத்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். அவர்கள் பஞ்சாயத்தின் உதவியை நாடி வருங்கால், அங்கத்தினர்கள் ஆம் என்பதா, அன்று என்பதா எனத் திகைப்பது இயல்பே. அந்தத் திகைப்பைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி வெறும் வேடிக்கை பற்றியதன்று. 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சி மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களும் நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மருந்துப் புகையினூடே நடந்து செல்லும் தொழிலாளியை அந்த நஞ்சிலிருந்து விலக்கி நிறுத்தக்கூடிய கருவி இது. ஆனால் அதே கருவி, அறியாமையோடு கையாளப்பட்டால், வேறொரு வகையில் உயிரைப் பறிக்கவும் கூடும். 24 கிலோ எடையுள்ள ஒரு பொருள் 20 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டராகும். ஆகவே நன்மை தீமை இரண்டையும் அளந்தறிந்த பின்னரே இதில் இறங்குதல் வேண்டும்.

பழைய எண்ணம், புதிய கருவி

பல விசிறிகளைச் சுழற்றி நேராக மேலெழும்பும் எண்ணம் நூறாண்டுக்கு முற்பட்டது. 1907ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் பிரெகே சகோதரர்களும் ரிஷே என்ற பேராசிரியரும் அமைத்த யந்திரம் ஓர் ஆளைத் தரையிலிருந்து தூக்கியது. ஆயினும் அது கவிழாதிருக்கப் பலர் சுற்றிலும் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1922இல் அமெரிக்காவில் தெ போதெசாத் என்பவரின் நான்கு சுழலி யந்திரம் பறந்தது. 1924இல் பிரான்சில் ஓமிஷேன் என்பவர் தம் யந்திரத்தில் ஒரு கிலோமீட்டர் வட்டத்தைச் சுற்றி வந்தார்.

இவை ஏன் நிலைக்கவில்லை? தூக்கும் வலிமை அவற்றுக்கு இருந்தது. நிலையாக நிற்கும் திறன் இல்லை. ஒரு விசிறி சற்றே தளர்ந்தாலும் உடனே அதனை உணர்ந்து திருத்த மனிதனின் கையும் கண்ணும் போதா. இன்று அப்பணியைச் சிறு மின்னணுக் கருவி செய்கிறது. சாய்வை உணரும் கருவிகள் மலிவாகி, லிதியம் பாட்டரியும் வலுவான சிறு மின் மோட்டாரும் கடைக்கு வந்த பின்னர்தான், இவ்வகை யந்திரம் மாணவர் கைக்கும் எட்டியது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் 'தக்ஷா' குழு, 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற மருத்துவப் பணிக்கான ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நம் பிள்ளைகளால் இது இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முதற்பாடம்: எடைக் கணக்கு

வீடு கட்டுவோர் முதலில் மனையை அளப்பர். வானூர்தி அமைப்போர் முதலில் எடையை அளத்தல் வேண்டும். எத்தனை கிலோ சரக்கைத் தூக்குவது என்று தீர்மானித்துக் கொண்டு, ஏனைய உறுப்புகளின் எடையை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். எட்டு லிட்டர் நீரைச் சுமக்கும் ஆறு விசிறி வானூர்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சட்டகம், கைகள், கால்கள்: 4.5 கிலோ.
ஆறு மோட்டார்கள், அவற்றின் விசிறிகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள்: 4.2 கிலோ.
பாட்டரி: 5 கிலோ.
தொட்டி, பம்பு, தெளிகுழாய்கள்: 1.5 கிலோ.
மின்னணுக் கருவிகளும் கம்பிகளும்: 0.8 கிலோ.
நீர் 8 லிட்டர்: 8 கிலோ.
ஆக மொத்தம்: 24 கிலோ.

சுமக்கும் சரக்கு மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கே என்பதைக் கவனிக்க. மாட்டு வண்டியில் வண்டியின் எடையைவிடப் பாரம் அதிகமாக இருக்கும். வானூர்தியில் அவ்வாறு எதிர்பார்ப்பதற்கில்லை. மேலும், 25 கிலோ என்பது சட்டத்தில் ஒரு வரம்பு. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். நம் கணக்கு அவ்வரம்புக்குள் அடங்கியிருத்தல் நலம்.

இரண்டாம் பாடம்: தூக்கு விசை

24 கிலோவை ஆறு விசிறிகள் தாங்குமாயின் ஒவ்வொன்றின் பங்கும் 4 கிலோ. அப்படியானால் 4 கிலோ தூக்கும் மோட்டார் போதுமே என்று எண்ணலாகாது. அந்தரத்தில் அசையாது நிற்பதற்கு மட்டுமே அது போதும். காற்று அடித்தால் எதிர்த்து நிற்கவும், மேலே ஏறவும், சாய்ந்தால் நிமிரவும் மிகைவிசை வேண்டும். ஆகவே மொத்த எடையைப் போல் இருமடங்கு தூக்கு விசை இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவாகக் கையாளப்படும் விதி. நம் யந்திரத்துக்கு ஒவ்வொரு மோட்டாரும் 8 கிலோ தூக்க வல்லதாயிருத்தல் வேண்டும்.

ஏன் நான்கு விசிறி போதாது, ஆறு வேண்டும்? நான்கு விசிறி யந்திரத்தில் ஒன்று நின்றுவிட்டால் யந்திரம் கவிழ்ந்து வீழும். ஆறு விசிறி யந்திரத்தில் ஒன்று நின்றால், அதற்கு எதிர்ப்புறத்து விசிறியைத் தளர்த்திச் சமன் செய்துகொண்டு, எஞ்சிய நான்கும் பாரத்தை ஏற்க வேண்டும். 24 கிலோவை நான்காகப் பகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 6 கிலோ. மோட்டாரின் வலிமை 8 கிலோவாகையால் யந்திரம் தள்ளாடியேனும் இறங்க வாய்ப்புண்டு. இருமடங்கு விதியை மீறி 5 கிலோ மோட்டாரைப் பூட்டியிருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. எட்டு விசிறி யந்திரம் இதனினும் பாதுகாப்பானது. ஆனால் செலவும் எடையும் கூடும்.

விசிறிகளுள் மூன்று வலமாகவும் மூன்று இடமாகவும், ஒன்று விட்டு ஒன்று மாறிச் சுழலும்படி அமைக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சுழன்றால் யந்திரத்தின் உடல் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கிவிடும்.

விசிறி பெரிதாயிருத்தல் சிக்கனம். விசிறியின் குறுக்களவு பாதியானால், அதே பாரத்தைத் தாங்க ஏறக்குறைய இருமடங்கு மின்திறன் செலவாகும். மிகுதியான காற்றை மெல்லத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட இலாபம் என்பதே இதன் காரணம். ஆகையால் பளு தூக்கும் யந்திரங்களுக்கு 30 அங்குலம் போன்ற பெரிய விசிறிகளையும், அவற்றை நிதானமாகச் சுழற்றும் மோட்டார்களையும் தேர்ந்தெடுக்கின்றனர். விளையாட்டு யந்திரங்களின் வேக மோட்டாரை இதில் பூட்டுவது, ஏர் உழப் பந்தயக் குதிரையைப் பூட்டுவது போலாகும்.

விற்பவர் கூறும் தூக்கு விசையை அப்படியே நம்பாமல் அளந்து பார்ப்பது நன்று. அதற்கு நம் ஏற்ற மரமே வழி காட்டுகிறது. உறுதியான ஒரு சட்டத்தை நடுவில் அச்சில் பொருத்தி, ஒரு முனையில் மோட்டாரைப் பூட்டுக. மறுமுனை ஒரு தராசின் மேல் படியட்டும். மோட்டார் தன் முனையை மேலே இழுக்கும்போது மறுமுனை தராசை அழுத்தும். இருகைகளின் நீளமும் சமமானால் தராசு கூடுதலாகக் காட்டும் எடையே தூக்கு விசை. சோதனை செய்வோர் விசிறியின் தளத்தில் நிற்கலாகாது. உடைந்த சிறகு அத்தளத்திலேயே தெறித்துப் பறக்கும்.

மூன்றாம் பாடம்: பாட்டரியும் பறக்கும் நேரமும்

30 அங்குல விசிறி 4 கிலோவைத் தாங்கச் சுமார் 450 வாட் மின்திறன் கொள்ளும் எனக் கொண்டால், ஆறு விசிறிகளுக்கும் 2,700 வாட். இது மூன்றரைக் குதிரைத் திறன் கொண்ட பம்புசெட்டுக்குச் சமம். எல்லா மோட்டார்களும் முழுவிசையில் ஓடினால் தேவை ஏறக்குறைய 7,600 வாட். அதாவது பத்துக் குதிரைத் திறன். கிணற்றடியில் உள்ள பத்துக் குதிரை மோட்டாரை ஐந்து கிலோ பாட்டரி ஒன்று ஓட்டுவதாக எண்ணிப் பார்த்தால், இந்தப் பாட்டரியை எவ்வளவு மரியாதையோடு கையாள வேண்டும் என்பது விளங்கும்.

22 ஆம்பியர்-மணி கொள்ளளவும் 44.4 வோல்ட் அழுத்தமும் உடைய பாட்டரியில் அடங்கிய மின்சாரம் சுமார் 977 வாட்-மணி. அதில் ஐந்தில் நான்கு பங்கையே பயன்படுத்தலாம். முற்றிலும் வடித்துவிட்டால் பாட்டரி கெடும். ஆகவே கிடைப்பது 780 வாட்-மணி. இதனை 2,700 வாட்டால் வகுத்தால் 17 நிமிடம் வருகிறது. காற்று, திருப்பங்கள், பம்பின் செலவு ஆகியவற்றுக்குக் கழித்துக்கொண்டு 12 நிமிடமே பறப்பதாகத் திட்டமிடுதல் அறிவுடைமை.

"இன்னொரு பாட்டரியை ஏற்றினால் இருமடங்கு நேரம் பறக்கலாமே" என்று கேட்கலாம். பார்ப்போம். ஐந்து கிலோ கூடினால் மொத்த எடை 29 கிலோ. எடை கூடுவதைவிட வேகமாக மின்திறன் தேவை கூடுவதால் 2,700 வாட் சுமார் 3,600 வாட்டாகிவிடும். மின்சாரம் இருமடங்கானாலும் பறக்கும் நேரம் 17 நிமிடத்திலிருந்து 26 நிமிடத்துக்கே உயரும். அத்துடன் மோட்டார்களின் இருமடங்கு விதியும் முறிந்தது. 25 கிலோ வரம்பும் கடந்தது. ஆசைக்கு எடை உண்டு என்பதே இக்கணக்கின் போதனை.

லிதியம் பாட்டரி தீப்பற்றும் தன்மையுடையது. கீழ்க்கண்ட விதிகளை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறையின் அழுத்தமும் முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. வீட்டுக்குள்ளும், வைக்கோல் போர் அருகிலும், உரக் கிடங்கிலும் மின்னேற்றம் செய்யலாகாது. திறந்த இடத்தில், செங்கல் அல்லது மணற்பரப்பின் மேல் வைத்து, ஒருவர் உடனிருந்தே ஏற்ற வேண்டும். உப்பிய பாட்டரியையும் அடிபட்ட பாட்டரியையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. பல நாள் பறக்காவிடில் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும்.

நான்காம் பாடம்: சட்டகம்

30 அங்குலம் என்பது 76 சென்டிமீட்டர். அடுத்தடுத்த விசிறிகள் ஒன்றையொன்று தொடாதிருக்க வேண்டுமாயின், மையத்திலிருந்து மோட்டார் வரை ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். அறுகோணத்தில் மையத்திலிருந்து முனைக்குள்ள தூரமும், முனைக்கு முனை தூரமும் சமம் என்பது பள்ளியில் கற்ற பாடமே. இவ்வாறு அமைந்தால் விசிறி முனையிலிருந்து எதிர் விசிறி முனை வரை யந்திரத்தின் அகலம் சுமார் இரண்டரை மீட்டராகும். வீட்டு வாசலில் நுழையாது. ஆதலால் கைகளை மடக்கும் கீல்கள் தேவை. அந்தக் கீல்களே யந்திரத்தின் பலவீனமான இடம். ஒவ்வொரு முறையும் பறக்குமுன் அவற்றின் பூட்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

கைகளுக்குக் கார்பன் இழைக் குழாய் உத்தமம். அலுமினியக் குழாய் மத்திமம். கம்பி நெளிந்தால் நிமிர்த்தலாம் என்ற பட்டறைப் பழக்கம் இங்கே உதவாது. ஒருமுறை வளைந்த அலுமினியக் கையை மாற்றிவிட வேண்டும். திருகுகள் அதிர்வால் கழலும் இயல்புடையன. அவற்றுக்குத் திருகுப் பசையிட்டு, தலையில் வண்ணக்கோடு இட்டு வைத்தால், கழன்றதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

தொட்டியை யந்திரத்தின் நடுவில், விசிறித் தளத்திற்குக் கீழே பொருத்துக. பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலம்பி யந்திரத்தை ஆட்டிவிடும். தலையில் குடத்தைச் சுமக்கும் பெண்கள் நீர் தளும்பாதிருக்க அதில் ஓர் இலையை மிதக்கவிடுவதுண்டு. அது போல், தொட்டிக்குள் தடுப்புப் பலகைகள் வைத்தால் அலம்பல் அடங்கும். எல்லாம் பூட்டிய பின் மையத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். எப்பக்கமும் சாயாது தொங்கினால் எடை சமனாக உள்ளது.

ஐந்தாம் பாடம்: யந்திரத்தின் மூளை

நடுவில் அமரும் பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவியே யந்திரத்தின் மூளை. சாய்வையும் சுழற்சியையும் அறியும் உணரிகள், உயரத்தை அறியக் காற்றழுத்தமானி, திசையறியும் கருவி, துணைக்கோளால் இடமறியும் ஜி.பி.எஸ். ஆகியவை இதனோடு இணைந்திருக்கும். 'பிக்ஸ்ஹாக்' என்ற வகைக் கருவி சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் முயற்சியாகத் தோன்றியது. 'ஆர்டுபைலட்' என்ற கட்டளைத் தொகுப்பு யாரும் விலையின்றி எடுத்துப் பயிலத்தக்கது. இது நொடிக்கு 400 முறை யந்திரத்தின் சாய்வைப் பார்த்து, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. 1907இல் சுற்றி நின்று பிடித்தவர்களின் வேலையை இன்று செய்வது இதுவே.

மூன்று செய்திகளில் கவனம் தேவை. முதலாவது, விசிறியின் அதிர்வு உணரிகளை ஏமாற்றும். ஆகவே விசிறிகளைச் சமன் செய்து, கருவியை மெத்தென்ற தாங்கியின்மேல் வைக்க வேண்டும். இரண்டாவது, நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் திசைகாட்டி பிழை காட்டும். அதனை ஒரு சிறு கம்பத்தின்மேல் உயர்த்தி வைக்க வேண்டும். மூன்றாவது, ஆபத்து வேளைக் கட்டளைகள். வானொலித் தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புதல், மின்சாரம் குறைந்தால் இறங்குதல், குறித்த எல்லையைத் தாண்டாதிருத்தல் ஆகிய மூன்றையும் முதல் நாளே பதிவு செய்யாமல் யந்திரத்தைத் தரையிலிருந்து தூக்கலாகாது.

சோதிக்கும் முறை

அவசரமே இத்தொழிலின் முதற்பகை. கீழ்க்கண்ட படிகளை ஒன்றையும் விடாமல் ஏறுக.

1. விசிறிகளைக் கழற்றிவிட்டு, மோட்டார்களின் சுழற்சித் திசையையும் ஆபத்து வேளைக் கட்டளைகளையும் சரிபார்த்தல்.

2. விசிறிகளைப் பூட்டி, யந்திரத்தை நான்கு புறமும் கயிற்றால் தரை முளைகளில் கட்டி, குறைந்த விசையில் ஓட்டுதல்.

3. தொட்டி காலியாக, இரண்டு மீட்டர் உயரத்தில் மூன்று நிமிடம் நிறுத்துதல். இறங்கியவுடன் ஒவ்வொரு மோட்டாரின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல். ஒன்று மட்டும் மிகச் சூடாயிருந்தால் அங்கே குற்றம் உள்ளது.

4. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு லிட்டர் என நீரைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தல். ஒவ்வொரு முறையும் நேரம், பாட்டரி அழுத்தம், காற்றின் நிலை ஆகியவற்றை ஏட்டில் எழுதுதல்.

5. காலை வேளையில், காற்று அடங்கியிருக்கும்போதே பறத்தல். உச்சிவெயிலில் காற்று இலேசாகித் தூக்கு விசை குறையும். மலைப் பகுதியினர் இதனை மிகுதியும் கவனிக்க வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

சோதனை எதிலும் நீரும் மணலும் தவிர வேறு பாரம் ஏற்றலாகாது. பூச்சி மருந்தை ஏற்றவே கூடாது. மின்கம்பியற்ற, ஆள் நடமாட்டமும் மேய்ச்சலும் இல்லாத வெளியே தக்க இடம். பார்வையாளர் 30 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். சிறுவர்களை விலக்கி நிறுத்த ஒருவரைத் தனியே நியமித்தல் நலம்.

சட்டம் கூறுவது

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். 250 கிராம் வரை உள்ளவை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியவை, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியவை என எடையால் ஐவகைப்படும். நம் எடுத்துக்காட்டு 'சிறியவை' என்ற வகையில் அடங்கும். வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வேண்டுவதில்லை. மற்ற இரண்டிலும் அனுமதி இன்றிப் பறத்தல் குற்றம். விதிகளை மீறுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

இனி, பஞ்சாயத்தார் கூர்ந்து அறிய வேண்டிய செய்தி இது. தொழிலுக்கு உபயோகிக்கும் வானூர்தியின் மாதிரிக்கு 'வகைச் சான்றிதழ்' வேண்டும். செலுத்துவோருக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். யந்திரத்துக்குப் பதிவெண் வேண்டும். பிறருக்கு நேரும் தீங்குக்குக் காப்புறுதி வேண்டும். கல்விக்காகவும், ஆராய்ச்சிக்காகவும், சோதனைக்காகவும், பொழுதுபோக்குக்காகவும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி யந்திரங்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள், தம் வளாகத்துக்குள்ளோ, பச்சை மண்டலத்தில் தம் பொறுப்பிலுள்ள திறந்த வெளியிலோ ஆராய்ச்சிக்காகப் பறக்கவிடும்போது இன்னும் பல நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

இதன் பொருள் யாது? வீட்டில் அமைத்த யந்திரத்தால் கற்கலாம், சோதிக்கலாம். கூலிக்கு மருந்து தெளிக்கலாகாது. இந்த வேறுபாட்டை உணராது, "நம் ஊர்ப் பையன் செய்தது, மலிவு" என்று வயலில் இறக்கிவிட்டால், விபத்து நேரும்போது காப்புறுதியும் துணை நில்லாது. சட்டமும் துணை நில்லாது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பறக்கவிடுமுன் அன்றைய விதி நிலையை விமானப் போக்குவரத்துத் துறையின் இணையப் பலகையில் சரிபார்த்துக் கொள்ளுதல் கடமை.

வாங்குவதா, அமைப்பதா?

இரண்டுக்கும் இடமுண்டு, ஆனால் வேறு வேறு இடம். தெளிப்புத் தொழிலுக்குச் சான்றிதழ் பெற்ற யந்திரத்தை வாடகைக்கு எடுப்பதோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அல்லது மகளிர் சுயஉதவிக் குழு வழியே வாங்குவதோதான் முறை. வாங்குங்கால் யந்திரத்தின் விலையை மட்டும் பார்த்தல் போதாது. ஏக்கருக்குப் பத்து லிட்டர் தெளிப்பதானால், எட்டு லிட்டர் யந்திரம் இருபது ஏக்கருக்கு 25 முறை எழும்ப வேண்டும். எழும்பி, இறங்கி, மருந்து நிரப்பி மீண்டும் எழக் கால்மணி நேரம் என்று கொள்வோம். பாட்டரி ஆறி, முழு மின்னேற்றம் பெற ஒன்றேகால் மணி. ஆகவே இடைவிடாது வேலை நடக்க ஆறு ஜோடி பாட்டரிகளும், அவற்றுள் ஐந்தை ஒருசேர ஏற்ற ஐந்தாறு கிலோவாட் மின்வசதியும் வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்காமல் யந்திரத்தை வாங்கிய குழு, அறுவடைக்கு ஒரே ஓர் அரிவாளை வாங்கியதற்கு ஒப்பாகும்.

அப்படியாயின் வீட்டில் அமைப்பதால் பயன் என்ன? பயன் பெரிது. அமைத்துப் பழகியவனே பழுது பார்க்க வல்லவன். கருகிய மோட்டார் ஒன்றை மாற்றப் பட்டணத்திலிருந்து ஆள் வருவதற்குள் பூச்சி பயிரைத் தின்றுவிடும். ஊரிலேயே ஒரு கைதேர்ந்தவன் இருந்தால், அன்று மாலையே யந்திரம் மீண்டும் பறக்கும். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. உறுப்புகளின் இறக்குமதியைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் ஆளில்லா வான்கலங்களுக்கெனத் தனிக் கழகம் ஒன்றை அமைத்தது. உள்நாட்டில் செய்வோருக்கும் செப்பனிடுவோருக்கும் தேவை பெருகும் என்பதை இவை காட்டுகின்றன.

ஆகவே இளைஞர்கள் பஞ்சாயத்தை நாடி வருங்கால், பின்வருவனவற்றைச் செய்யுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களை அருகிலுள்ள பாலிடெக்னிக் அல்லது பொறியியற் கல்லூரியோடு இணைத்து, அதன் பொறுப்பில் முயற்சி நடக்கச் செய்யுங்கள். முதலாண்டில் இரண்டு கிலோவுக்கு உட்பட்ட சிறு யந்திரத்தை அமைத்துத் தேறிய பின்னரே பளு யந்திரத்துக்குச் செல்ல வேண்டும் என நிபந்தனை விதியுங்கள். பறக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாக ஊரில் அறிவிக்கச் செய்யுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும். எடைக் கணக்கு, சோதனை ஏடு இவ்விரண்டையும் காட்டாத குழுவுக்குப் பொதுவெளியை அனுமதிக்காதீர்கள். காட்டும் குழுவை மனமார ஊக்குவியுங்கள்.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் மின்கம்பியும் குடியிருப்பும் இல்லாத சோதனைவெளி எது? அது எந்த மண்டலத்தில் அமைந்துள்ளது?

2. 24 கிலோ யந்திரத்தில் ஆறு கிலோ மட்டுமே தூக்கும் மோட்டார்கள் இருந்தால், ஒரு விசிறி நிற்கும்போது என்ன நேரும்?

3. நம் ஊரில் கைத்தெளிப்பானால் மருந்து அடிப்போர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேரிடம் கையுறையும் முகமூடியும் உள்ளன?

4. தெளிப்பு வேலை யந்திரத்துக்குப் போய்விட்டால், அவர்களுக்கு யந்திரம் செலுத்தவும் செப்பனிடவும் பயிற்சி அளிக்க நாம் செய்யத்தக்கது என்ன?

நான்காம் வினாவுக்கு விடை காணாத பஞ்சாயத்து, யந்திரத்தைக் கொண்டுவந்தும் பாதி வேலையையே செய்ததாகும். கிராம அபிவிருத்தி என்பது கருவி வந்து சேர்வது மட்டுமன்று. அக்கருவியால் தோளிலிருந்து பாரம் இறங்கியவனுக்குக் கைக்கு வேலையும் கிடைத்தல் வேண்டும்.